மஞ்சள் வரிகளை மூடி வைக்காதீர்கள்

நூலகக் கம்ப்யூட்டரில் ‘தேனி சந்தை’ என்று தட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வாரச்சந்தையைப் பற்றி ஏதாவது வர வேண்டும். வந்தது என்ன தெரியுமா? தேனீ வளர்ப்புக் கையேட்டின் சந்தா அறிவிப்பு. மாட்டுத் தீனி பற்றிய சந்தேகங்களும் பதில்களும். சந்திரனையும் தானியத்தையும் பற்றி எழுதிய ஒரு ஜோதிடப் புத்தகம். இப்படி நூற்றுக்கணக்கில் கொட்டும். நாம் தேடியது அதற்குள் எங்கோ கிடக்கும். அல்லது கிடக்கவே கிடக்காது.

நான் வேலை பார்த்த நூலகத்தில் இது பல வருஷம் நடந்தது. ஊர்ப் பெயரும் நூலகத்தின் பெயரும் வேண்டாம். யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. மாட்டிவிடுவதென்றால் முதலில் மாட்டவேண்டியவன் நான்தான். அந்த பில்லில் கையெழுத்துப் போட்டவன் நான்.

கம்ப்யூட்டர் விஷயம் என்று பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

தேடித் தரும் மென்பொருளுக்குள் இருப்பது ஒரு பெரிய அகராதி மாதிரியான அட்டவணை. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு போடுவார்கள் இல்லையா, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று, அதேதான். உலகத்தில் பாதிப் பேர் இதற்கு லூசீன் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். டக் கட்டிங் என்ற அமெரிக்கர் 1999-இல் எழுதியது. லூசீன் என்பது அவர் மனைவியின் நடுப்பெயர். அதன்மேல் ஒரு சர்வரைக் கட்டி சோலர் என்று பெயர் வைத்து, 2006-இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தார்கள். நாங்கள் வைத்திருந்தது அந்த சோலர்தான். காசு கிடையாது, நல்ல சரக்கு, குறை சொல்ல முடியாது.

சொல்லடைவு போட வேண்டுமானால் முதலில் வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்ட வேண்டும். நமக்கு இது வேலையே இல்லை, இடம் விட்ட இடத்தில் வெட்டு என்போம். ஆனால் அந்த வெட்டும் கருவியை எழுதியவர்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதினார்கள். எழுத்து எதுவோ அதைச் சேர், எழுத்து அல்லாதது வந்தால் வெட்டு. இந்த விதியில் நம்ம காலும் கொம்பும் சுழியும் புள்ளியும் மாட்டிக்கொண்டன. யூனிகோடு கணக்கில் ‘த’ ஒரு எழுத்து; அதன் முன்னால் நாம் போடும் இரட்டைக் கொம்பு எழுத்து அல்ல, ஒரு குறி. ஆகவே ‘தேனி’ என்ற சொல்லைக் கண்டதும் கொம்பை வீசி, சுழியை வீசி, த என்றும் ன என்றும் இரண்டு துண்டாக்கி அட்டவணையில் ஏற்றியது. தேனீயும் த, ன. தீனியும் த, ன. தானே என்பதும் அதுவே. சந்தை என்பது சந, த. சந்தா, சந்து, சந்தேகம் எல்லாமே அந்த வரிசையில்தான் தொடங்குகின்றன. தேடும்போதும் இதே மாதிரி வெட்டித் தேடுவதால் எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தன. உயிர்மெய்யைத் தொல்காப்பியர் காலத்திலிருந்து பாடமாகப் படிக்கிறோம். உயிரை உருவி எறிந்துவிட்டு மெய்யை மட்டும் சொல்லடைவு போட்ட முதல் நூலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இதில் லூசீன்காரர்களை ரொம்பத் திட்ட முடியாது. அவர்கள் தவறைக் கண்டுபிடித்து 3.1 பதிப்பிலேயே திருத்திவிட்டார்கள். யூனிகோடு அமைப்பு சொல்லும் சொல்வெட்டு விதியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதன்படி கொம்பும் புள்ளியும் தன் எழுத்தோடு ஒட்டியே நிற்கும். ஆனால் பழைய அட்டவணை வைத்திருப்பவர்களுக்குத் திடீரென்று எல்லாம் மாறிப்போனால் தொந்தரவு என்று ஒரு சலுகையும் கொடுத்தார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி உண்டு: எந்தப் பதிப்பைப் போல நடந்துகொள்ள வேண்டும்? அதில் 3.0 என்று எழுதினால் புது மென்பொருள் பழையதைப் போலவே நடிக்கும். புது மருமகள் கொஞ்ச நாளைக்கு மாமியார் வைக்கும் குழம்பையே வைப்பது மாதிரி.

நாங்கள் முதலில் போட்டது 1.4 என்ற பழைய பதிப்பு. 2014-இல் அதை 4-ஆம் பதிப்புக்கு மாற்றினோம். மாற்றிக் கொடுக்க வந்தவர் வெளியூர் ஒப்பந்தக்காரர். பழையபடியே நடக்கட்டும் என்று அந்த வரியில் 3.0 என்று எழுதினார். சர்வர் ஓடியது. ஆனால் லாக் பக்கத்தைத் திறந்தால் மஞ்சளாகச் சில வரிகள். அவற்றில் ஒன்று இப்படிச் சொன்னது: நீங்கள் பழைய பதிப்பின் பாவனையில் ஓட்டுகிறீர்கள், என்றைக்காவது ஒரு நாள் 4.0 என்று அறிவித்து அட்டவணையைப் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள், இந்தப் பாவனை 5.0-இல் எடுக்கப்பட்டுவிடும்.

‘என்றைக்காவது ஒரு நாள்.’ இந்த மரியாதைதான் கெடுத்தது. வீட்டு வரி நோட்டீஸ் இப்படி எழுதி வந்தால் யார் கட்டுவார்கள்?

“இந்த மஞ்சள் என்ன தம்பி?” என்று கேட்டேன்.

“அது சும்மா வார்னிங் சார். எரர் இல்ல. வேணாம்னா எடுத்துர்றேன்.”

எடுத்துவிட்டார். எப்படி எடுத்தார் என்பது எட்டு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. லாக் எழுதும் கோப்பில், எச்சரிக்கை முதல் எழுது என்று இருந்ததை, பிழை மட்டும் எழுது என்று மாற்றியிருந்தார். வண்டியில் ஆயில் விளக்கு எரிகிறது என்று மெக்கானிக்கிடம் விட்டால் பல்பைக் கழற்றிக் கொடுத்தது மாதிரி. அன்றைக்குத் திரை வெள்ளையாகச் சுத்தமாக இருந்தது. வேலை திருப்திகரமாக முடிந்தது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. சர்வர் ஒரு நாள் கூட நிற்கவில்லை. வருகிறவர்கள் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார்கள், தேனீ வரும், தீனி வரும், சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததை எடுத்துக் கொடுப்பேன், தெரியாததை இல்லை என்பேன். கம்ப்யூட்டரும் தெளிவாகக் காட்டவில்லை, நூலகரும் இல்லை என்கிறார் என்றால் அந்தப் புத்தகம் உலகத்திலேயே இல்லை என்றுதானே அர்த்தம்.

போடிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் இரண்டு முறை வந்தார். அவருடைய மாமனார் தேனி சந்தையைப் பற்றி ஏதோ ஒரு மலரில் எழுதினாராம். அறுபதுகளில் வந்த மலர் என்று மட்டும் தெரியும், பெயர் தெரியாது. முதல் முறை ஒரு மணி நேரம் தேடினோம். இரண்டாம் முறை வந்தபோது எனக்கு ஆடிட் வேலை. “இல்லைங்கய்யா, இருந்தா வந்திருக்கும்” என்று அனுப்பிவிட்டேன்.

இருந்தது. வணிகர்கள் போட்ட ஒரு வெள்ளிவிழா மலர், மூன்றாவது அலமாரியில், நான் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில்.

அது 2022-இல் தெரிந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சின்ன மென்பொருளில் பெரிய ஓட்டை என்று உலகமே அலறியது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சர்வர்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் பொருள் அது. சோலரிலும் 7.4 முதல் 8.11.0 வரை அது பாதித்தது. எங்களுடையது அதைவிடப் பழசு, அந்த ஓட்டை அதில் இல்லவே இல்லை. வேறு ஓட்டைகள் வேண்டிய மட்டும் இருந்தன என்பது வேறு கதை. பயத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் மாற்றினார்கள். எங்கள் நூலகத்துக்கும் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்திருந்த பையன் என்னைக் கூப்பிட்டான்: “சார், பழைய ஃபைல் அம்புட்டும் உங்க காலத்துல போட்டது. கூட வந்து உக்காருங்க.”

பையன் செய்த முதல் நல்ல காரியம், லாக்கில் எச்சரிக்கையைத் திரும்ப எழுத வைத்தது. பழைய சர்வரை அப்படியே ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். எட்டு வருஷமாக வாய் கட்டிக் கிடந்த அந்த வரி முதல் வேலையாக வந்து நின்றது. இருவரும் அதை மூன்று முறை வாசித்தோம். பிறகு அவன் சோலரின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அது எப்படி வெட்டுப்படுகிறது என்று காட்டும் இடத்தைத் திறந்தான். ‘அல்லிநகரம்’ என்று நான்தான் அடித்தேன். அல, ல, நகரம என்று மூன்று துண்டாகக் கிடந்தது சொந்த ஊர்.

புதிய 8.11-க்குப் போனதும் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. பழைய அட்டவணையை அது திறக்கவே திறக்காது. ஒரு பெரும் பதிப்பு முந்தையதை வாசிக்கும், அதற்கும் முந்தையதைத் தொடாது. நம்ம மதுரை–போடி லைனை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். 2022 மே மாதம் அகலப் பாதையில் தேனிக்கு ரயில் வந்தது, 2023 ஜூனில் போடிக்குப் போனது. பழைய பெட்டிக்கு எண்ணெய் போட்டுப் புதுத் தண்டவாளத்தில் ஏற்ற முடியுமா? பெட்டியும் புதிதாகத்தான் வேண்டும். அதேபோல அட்டவணையை மூலப் பட்டியலிலிருந்து முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. நல்லவேளை, மூலம் எங்களிடம் பத்திரமாக இருந்தது. ஸ்கேன் செய்து, அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத்தைத் தொலைத்த இடங்களும் உண்டு. அவர்கள் பாடு திண்டாட்டம்.

புதியதிலும் மஞ்சள் வரிகள் வந்தன, ஏழு. எல்லா எச்சரிக்கையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதில் நான்கு, எண்களைச் சேமிக்கும் பழைய முறையைப் பற்றியவை. பதிப்பு ஆண்டு, பக்க எண்ணிக்கை மாதிரியானவற்றுக்கு வேறு வகை வந்துவிட்டது, மாற்றிக்கொள் என்கிறது. மாற்றாவிட்டாலும் அப்போதைக்கு ஓடும். அட்டவணையை எப்படியும் கட்டுகிறோமே என்று மாற்றினோம். இன்னொன்று ஒருபொருட்சொல் வடிகட்டியைப் பற்றியது, அதற்கும் புது வடிவம் இருந்தது. மீதி இரண்டு எங்களுக்குத் தேவையே இல்லாத உதிரிகள். அந்த வரிகளைக் கோப்பிலிருந்து நீக்கினோம். முழுசாக ஒரு பகல் வேலை, நடுவில் இரண்டு டீ. பல்பைக் கழற்ற ஒரு நிமிஷம், ஆயில் ஊற்ற ஒரு பகல். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஒரு பகலை நான் கேட்டு வாங்கியிருக்கலாம்.

முடித்துவிட்டு ‘தேனி சந்தை’ என்று தட்டினோம். ஒன்பது வந்தன. ஒன்பதும் நம்ம சந்தை. நான்காவது அந்த மலர்.

பெரியவரின் எண் பழைய வருகைப் பதிவேட்டில் இருந்தது. மறுவாரம் மகன் கூட்டிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காராமல் நின்றபடியே நான்கு பக்கத்தையும் வாசித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கோபமே இல்லாமல் கேட்டார்: “நீங்கதான அன்னைக்கு இல்லைன்னீங்க?” ஆமாங்கய்யா என்றேன். வேறு என்ன சொல்வது.

இதில் இன்னொரு வேடிக்கை. மாற்றிய பிறகு பத்து நாளைக்குள் ஒரு வாசகர் புகார் எழுதினார்: முன்பெல்லாம் நிறைய வரும், இப்போது குறைவாக வருகிறது, மென்பொருள் கெட்டுவிட்டது! அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. சொல் முழுசாக நின்றாலும், தமிழ்ச் சொல் முழுசாக நிற்கிற சாதி இல்லையே. கம்பம் என்று தேடினால் கம்பம் என்று எழுதியது மட்டும் வரும். கம்பத்தில், கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து எதுவும் வராது. அல்லிநகரத்தில் பிறந்தவர் என்று எழுதியிருந்தால் அல்லிநகரம் என்று தேடுகிறவனுக்கு அவர் பிறக்கவே இல்லை. சரி, கம்ப என்று தொடங்கும் எல்லாவற்றையும் கொண்டு வா என்றால் கம்பர் வந்துவிடுகிறார், ராமாயணத்தோடு. வாரச்சந்தை என்று சேர்த்து எழுதியதும் வாரச் சந்தை என்று பிரித்து எழுதியதும் தனித்தனி. முல்லைப் பெரியாறுக்கும் இதே கதி. ஔவையாரை, ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு அடித்த புண்ணியவான்கள் எத்தனை பேர்! கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. ஸ்ரீரெங்கபுரத்தின் ஸ்ரீயை இரண்டு விதமாக எழுதலாம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

இதற்கு ஒருபொருட்சொல் கோப்பில் கையாலேயே பட்டியல் எழுதினோம். கம்பம், கம்பத்து, கம்பத்தில், கம்பத்துக்கு என்று காற்புள்ளி போட்டு ஒரு வரி. நம்ம பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்கள், ஆறு, அணை, கோயில் எல்லாம் எழுதினோம். ஓய்வு பெற்றவனுக்குப் பொருத்தமான வேலை.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்வதற்கு இன்று பணமும் ஆளும் கிடைக்கிறது, சந்தோஷம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியபோது தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, ஈழத்து நூலகம் இருக்கிறது, சின்னச் சின்ன நூலகங்கள் கூட ஸ்கேனர் வாங்குகின்றன. திறப்பு விழாவில் எத்தனை லட்சம் பக்கம் என்று சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் தேடித் தரும் சர்வருக்கு வருஷா வருஷம் யார் எண்ணெய் ஊற்றுவது என்று எந்தத் திட்டத்திலும் தனியாக ஒரு வரி நான் பார்த்ததில்லை. மாற்றுகிறவர்களுக்கோ சர்வர் ஓடினால் வேலை முடிந்தது. அவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் தமிழில் தேடிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று அடிப்பார்கள், வரும், கிளம்பிவிடுவார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் கொம்பும் சுழியும் தெரிய நியாயமில்லை. தெரிந்து திருத்தும்போது அவர்கள் நமக்குப் போடும் ஒரே கடிதம் அந்த மஞ்சள் வரி. அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிட்டு, தமிழுக்குக் கம்ப்யூட்டர் சரிப்படாது என்று மேடையில் பேசுவதில் அர்த்தமில்லை.

ஆகவே மேம்படுத்தும் வேலைக்கு பில் பாஸ் செய்கிற தலைமை ஆசிரியர்கள், நூலகர்கள், கோயில் நிர்வாகிகள், சங்கச் செயலாளர்கள் யாராவது இதை வாசித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எச்சரிக்கை எதுவும் இல்லை என்று காட்டினால் திருப்திப்படாதீர்கள், எழுதும் அளவைக் குறைத்தீர்களா என்று கேளுங்கள். எந்த எச்சரிக்கையை விட்டுவைத்தார்களோ அதற்கு ஏன் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். உங்கள் ஊருக்குச் சம்பந்தப்பட்ட இருபது சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்து, அவர்கள் முன்னாலேயே ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். முடிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை, ஊர் தெரிந்தால் போதும்.

எங்கள் இருபது சொல் தாள் சர்வர் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது. தேனி, தேனீ இரண்டும் முதல் இரண்டு. லூசீனின் 9-ஆம் பதிப்பில் தமிழுக்கென்றே ஒரு பகுப்பான் வந்திருக்கிறது, வேற்றுமை உருபுகளை அதுவே கழற்றிப் பார்க்குமாம். அதைப் போட்டுவிட்டு நம் கைப்பட்டியலைத் தூக்கிவிடலாம் என்கிறான் பையன். பட்டியல் இருக்கட்டும், இரண்டையும் வைத்து அடித்துப் பார்ப்போம் என்கிறேன் நான். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.